ஓநாய்கள் பதில் சொன்ன காணும் பொங்கல்

1

இந்த வருஷம் பொங்கலுக்கு ஊரில் இருந்தோம். பிரான்சுக்குக் குடிபோன பிறகு என் பிள்ளைகள் புதுச்சேரியில் பார்க்கிற முதல் பொங்கல் இதுதான். காணும் பொங்கலன்று சாயங்காலம் கடற்கரையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். உட்கார இடம் தேடி வைத்திக்குப்பம் வரைக்கும் நடந்துபோய், படகுகளை ஏற்றி வைத்திருந்த மணலில் பாயை விரித்தோம். அண்ணி டிபன் கேரியரைத் திறந்து புளிசோறு வைக்க ஆரம்பித்தாள்.

என் மகன் பாபுவுக்கு இப்போது ஆறு வயசு முடிந்துவிட்டது. கேரியர் மூடியையும் ஒரு கரண்டியையும் எடுத்துக்கொண்டு பக்கத்துப் படகின் மேல் ஏறி நின்றான். கடலைப் பார்த்து டங்கு டங்கென்று தட்டி, "பொங்கலோ பொங்கல்!" என்று தொண்டை கிழியக் கத்தினான். கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒன்றும் அதிசயமில்லை. அடுத்து அவன் செய்ததுதான் அதிசயம். கையை உயர்த்தி எங்கள் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தபடி நின்றான். அவனுடைய அக்கா சுதாவும் வாயில் போட்ட சோற்றை மெல்லாமல் காத்திருந்தாள்.

"என்னாடா பாக்குற?" என்றாள் அண்ணி.

"இருங்க அத்தை, இப்ப பதில் வரும்."

"யாருடா பதில் சொல்லுவா?"

"ஓநாய்ங்க."

பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த மீன்காரம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "இந்தக் கடல்ல ஓநாய்க்கு எங்கடா கண்ணு போறது? வஞ்சிரம் இருக்குது, உங்கம்மாவ வாங்கிக்கச் சொல்லு." சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாபு மட்டும் சிரிக்கவில்லை. பொங்கலென்று கூப்பிட்டால் ஓநாய் பதில் சொல்லும் என்பது அவனுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. அண்ணி என்னைப் பார்த்த பார்வையில், பிள்ளையை எந்தக் காட்டில் வைத்து வளர்க்கிறாய் என்ற கேள்வி இருந்தது.

அன்று அவளுக்கு அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. இங்கே திரும்பி வந்து, சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே அந்த மலையைப் பார்த்துக்கொண்டு முழுசாக எழுதுகிறேன். அண்ணியும் படிக்கட்டும், நீங்களும் படியுங்கள்.

2

எண்பதுகள் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். என் வீட்டுக்காரர் ஏழுமலையின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் சொல்தா என்போமே, அந்த ஆள். அவருடைய தயவில் மகனுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. இவர் முன்னால் போய், மலையடிவாரத்தில் ஒரு ஊரில் இரும்பு வார்ப்புத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, வீடு பிடித்து எங்களைக் கூப்பிட்டுக்கொண்டார். சுதாவுக்கு மூன்றரை வயசு. பாபுவுக்கு ஒன்றரை. ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டும் ஒருத்தனை இடுப்பில் வைத்துக்கொண்டும் வந்து இறங்கினேன்.

எனக்குத் தெரிந்த பிரெஞ்சு, மாமனார் சொல்லிக்கொடுத்தது. அது முழுக்கப் பட்டாளத்துப் பிரெஞ்சு. நட, நில், துப்பாக்கியைத் தோளில் வை. ரொட்டிக் கடையில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதல் வாரம் கடைக்காரம்மாவிடம் ரொட்டி கேட்ட தோரணையில் அவள் நிமிர்ந்து நின்றே எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்தது அலுவலகம். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்று சொன்னால் அங்கே யாரும் நம்ப மாட்டார்கள். பெயர் இல்லாத குடும்பம் எங்கேயாவது இருக்குமா என்று கேட்டார்கள். கடைசியில் என் அப்பா பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். தபாலெல்லாம் 'மதாம் ராமசாமி', அதாவது திருமதி ராமசாமி, என்று வர ஆரம்பித்தது. அது என் அம்மாவை அல்லவா குறிக்கும் என்று நான் சண்டை போட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை. குடியிருப்பு அட்டை வரும்வரைக்கும் ஒரு தற்காலிகச் சீட்டு கொடுத்தார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை போய் வரிசையில் நின்று முத்திரை வாங்க வேண்டும்.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்றே ஒன்றுதான், சத்தம். சத்தம் போடக் கூடாது என்பது.

நான் முதலியார்பேட்டைக்காரி. அப்பா மில்லில் தறி ஓட்டினவர். நாளெல்லாம் தறி இரைச்சலில் நின்றவர்களுக்குக் குரல் தானாகவே உயர்ந்துவிடும். எங்கள் தெருவில் ரகசியம் பேசுவதே அடுத்த தெருவுக்குக் கேட்கும். விடிந்தால் மில் சங்கு, பிறகு தண்ணீர்க் குழாய்ச் சண்டை, கோயில் ரேடியோ, மறுபடி மில் சங்கு. அந்த இரைச்சலில்தான் நாங்கள் தூங்கினோம், படித்தோம், கல்யாணம் பண்ணிக்கொண்டோம்.

இங்கே நாலாவது மாடியில் மரத்தளம் போட்ட வீடு. பாபு நடை பழகியிருந்த புதுசு, தப்புத் தப்பென்று ஓடுவான். கீழ் வீட்டு மதாம் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பாள். முதல் தடவை பாபு அதைக் கேட்டு ஏதோ விளையாட்டு என்று நினைத்து இன்னும் குதித்தான். அவள் மேலே ஏறி வந்துவிட்டாள். அதற்குப் பிறகு நாள் முழுக்க எனக்கு ஒரே வேலை, பிள்ளைகளைப் பார்த்து "உஷ்" என்பது. ஓடாதே, உஷ். அழாதே, உஷ். பாடாதே, உஷ். பொழுது சாய்வதற்குள் என் உதடே வலிக்கும்.

சுதா கெட்டிக்காரி, சீக்கிரம் கற்றுக்கொண்டாள். முதலில் மெதுவாகப் பேசினாள், அப்புறம் காதுக்குள் பேசினாள். பள்ளிக்கூடத்து டீச்சரம்மா, குழந்தை வாயைத் திறப்பதே இல்லை என்றாள். பூங்காவுக்குக் கூட்டிப்போனால் அங்கேயும் ஊஞ்சலில் உட்கார்ந்து கிசுகிசுப்பாள். எங்கள் தெருவில் இவள் பிறந்த அன்று அழுத அழுகைக்கு மூன்று வீடு தள்ளியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளையா இது?

தீபாவளி முடிந்த கையோடு முடிவெடுத்துவிட்டேன். "பொங்கல் முடிஞ்சதும் புள்ளைங்கள இட்டுகினு ஊருக்குப் போயிடுறேன். நீங்க சம்பாரிச்சு அனுப்புங்க" என்றேன். குளிர் ஆரம்பித்தபோது பிள்ளைகளுக்குப் பனிக்காலத்துப் பூட்ஸ் வாங்கலாம் என்றார். "பொங்கல் வரைக்கும்தான இருக்கப்போவுதுங்க, பூட்ஸ் எதுக்கு?" என்று ஒரே போடாகப் போட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. ஆனால் வேலை முடிந்து வரும்போதெல்லாம் செருப்புக் கடை ஜன்னலைப் பார்த்துவிட்டுத்தான் வருவார். அது எனக்குத் தெரியும்.

3

பொங்கலும் வந்தது. மின்சார அடுப்பில் எவர்சில்வர் பானை. மஞ்சள் கொத்து இல்லை, கரும்பு இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த வெல்லத்தில் கடைசித் துண்டு இருந்தது. பால் பொங்கி வந்த நேரம், சுதாவைத் தூக்கிக் காட்டி, "சொல்லுடி கண்ணு" என்றேன்.

போன வருஷம் இதே பிள்ளை முதலியார்பேட்டையில் என் அண்ணன் தோளில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீட்டுப் பசுவைச் சுற்றி வரும்போது தட்டைத் தட்டித் தட்டிக் கத்தியவள். அந்தப் பசுவே மிரண்டு கயிற்றை இழுத்தது.

சுதா பானையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். கீழே அந்த மதாம் இருக்கிறாள் அல்லவா? விரலை உதட்டில் வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பொங்கலோ பொங்கல்" என்று காற்றாகச் சொன்னாள். தம்பியைப் பார்த்து, "உஷ்" என்றாள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். வெளியே வந்தபோது வீட்டுக்காரர் சுதாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் சொன்னது அவருக்கும் கேட்டிருந்தது. பரண் மேலிருந்த பெட்டியை அவரே இறக்கி அறையில் வைத்தார். இறக்கியது நல்லதுதான் என்று துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

"நாளன்னிக்கிக் காணும் பொங்கல்" என்றார். "ஒரு நாளு எல்லாரும் எங்கனா போய்ட்டு வருவோம். மலை மேல மிருகக்காட்சி சாலை இருக்குதாம், ஃபேக்டரில சொன்னாங்க. நான் லீவு போட்டுட்டேன். அப்பறம் நீ போ, நான் தடுக்க மாட்டேன்."

"யானை இருக்குதாப்பா?" என்றாள் சுதா, காதோடு.

"ஓ, இருக்குதே!" என்றார். இந்த மனுஷனுக்கு வாய் மட்டும் எப்போதும் தாராளம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நாங்கள் இரண்டு பேருமே படித்தவர்கள், கண்ணுக்கு முன்னால் பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் தை மாதத்தில் மிருகக்காட்சி சாலை திறந்திருக்குமா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எப்படி யோசிப்போம்? எங்கள் ஊரில் தை என்றால் வெயில் தணிந்து, மழை விட்டு, ஊரே கட்டுச்சோற்றோடு வெளியே கிளம்புகிற மாசம். காணும் பொங்கலன்று பூங்கா மூடியிருக்கும் என்று புதுச்சேரியில் யாராவது சொன்னால் அவனைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். நாளும் கிழமையும் எங்களோடு கப்பலேறி வந்துவிட்டன, பருவம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

4

விடியும் முன்பே எழுந்து புளிசோறு கிளறினேன். உருளைக்கிழங்கு வறுவல், வடை, தேங்காய்க்குப் பதில் பாதாம் அரைத்த துவையல். ஊரிலிருந்து கொண்டுவந்த நாலு அடுக்குக் கேரியரில் அடைத்தேன். சுதாவுக்குப் பட்டுப் பாவாடை, அதற்குள்ளே இரண்டு கால்சட்டை, மேலே மூன்று ஸ்வெட்டர். பூட்ஸ்தான் இல்லையே, அதனால் இரண்டு பேர் காலிலும் அப்பாவின் கம்பளிக் காலுறை. அதன் மேல் ஷூ, அதற்கும் மேல் பிளாஸ்டிக் பை சுற்றி ரப்பர் வளையம் போட்டேன். நான் பட்டுப்புடவை கட்டி அவருடைய பழைய ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால் நாலு பேரும் மார்க்கெட்டிலிருந்து தப்பித்து வந்த மூட்டைகள் மாதிரி இருந்தோம்.

மலை பஸ்ஸில் பனிச்சறுக்குப் பலகைகளோடு இளவட்டங்கள். ஒவ்வொரு வளைவிலும் எனக்கு வயிறு வாய்க்கு வந்தது. எங்கள் ஊரில் மலை என்றால் செஞ்சிக் கோட்டைதான். அதையும் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேகம் எங்களுக்குக் கீழே கிடந்தது. "அம்மா, பஞ்சு," என்றாள் சுதா என் காதில். கேரியரிலிருந்து புளிசோற்று வாசனை கிளம்பி பஸ்ஸையே தூக்கியது. முன் சீட்டுப் பையன் ஒருத்தன் திரும்பி நன்றாக இழுத்து மோந்து பார்த்தான்.

காட்சி சாலை வாசலில் எங்களை மட்டும் இறக்கிவிட்டு பஸ் மேலே போய்விட்டது. இனி அது திரும்பி வர சாயங்காலம் ஆகும்.

கதவில் சங்கிலி. சங்கிலியில் பூட்டு. பூட்டின் மேல் பனி. பலகையில் பெரிய எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் அதை இரண்டு தரம் படித்தார்.

"என்னா போட்டிருக்குது?"

"ஏப்ரல் மாசம் வரச் சொல்லி எழுதியிருக்காங்க" என்றார், யாரோ தூரத்து உறவுக்காரர் கடிதம் போட்ட மாதிரி.

எனக்கு வந்த கோபத்தில் அந்த மலையே உருகியிருக்க வேண்டும். "ஒரு வார்த்த கேட்டுட்டு வந்தா என்னாங்க? ரெண்டு பச்சப் புள்ளைங்கள இந்தக் குளிர்ல இட்டாந்து பூட்டக் காட்டுறீங்களே! இதுதான் நீங்க காட்டுற காணும் பொங்கலா?" என்று கத்தினேன். இத்தனை மாதத்தில் நான் முதல் முதலாக வாய் விட்டுக் கத்தியது அதுதான். அப்போது அது எனக்கே உறைக்கவில்லை. பாபு அழ ஆரம்பித்தான். சுதா அவசரமாக அவன் வாயைப் பொத்தினாள்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். ஐம்பது வயசிருக்கும், முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கையில் வைக்கோல் வாரும் முள்கரண்டி. பெயர் மதாம் ஒதேத் என்று பிறகு தெரிந்தது. பனிக்காலம் முழுக்க அந்த மிருகங்களுக்குத் தீனி போடுகிறவள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தாள். பிளாஸ்டிக் பை சுற்றிய நாலு குட்டிக் கால்களில் அவள் பார்வை நின்றது.

மூடியிருக்கிறது என்றாள். தெரியும் என்றார் இவர். பிறகு தன் பிரெஞ்சில் விளக்க ஆரம்பித்தார். இன்று எங்களுக்கு 'பார்க்கிற பண்டிகை'. இன்று குடும்பத்தோடு வெளியே போய் எதையாவது பார்த்தே ஆக வேண்டும், வீட்டில் அடைந்து கிடக்கக் கூடாது. மனுஷர்களைப் பார்க்கலாம், ஆற்றைப் பார்க்கலாம், எதுவும் இல்லையென்றால் ஒரு ஆட்டையாவது பார்க்கலாம்.

"ஆடுதான் இருக்கிறது" என்றாள் அவள். "ஆனால் எனக்கு உதவிக்கு வருகிற ஆள் பனியில் மாட்டிக்கொண்டு வரவில்லை. நான் ஒருத்தியாகத் தீனி இழுத்துக்கொண்டிருக்கிறேன். உங்களைச் சுற்றிக்காட்ட நேரமில்லை."

என் வீட்டுக்காரர் கையுறையைக் கழற்றித் தன் இரண்டு உள்ளங்கைகளையும் கம்பி வழியாகக் காட்டினார். வார்ப்படம் தூக்கிக் காய்த்த கைகள். "எங்க இழுக்கணும்?" என்றார்.

அவள் சிரித்தாள். சாவி எடுத்தாள்.

5

அந்த நாளை நினைத்தால் இப்போதும் என்னால் உட்கார்ந்து எழுத முடியவில்லை, எழுந்து இரண்டு சுற்று நடந்துவிட்டு வருகிறேன்!

வைக்கோல் கட்டுகளை ஏற்றிய பெரிய பனிச்சறுக்கு வண்டி. அதன் மேல் கம்பளி விரித்துப் பிள்ளைகள் இரண்டையும் மதாம் ஒதேத் உட்கார வைத்தாள். அடுப்பிலிருந்து கொண்டுவந்த சூடான செங்கல்லைத் துணியில் சுற்றிக் கால்மாட்டில் வைத்தாள். இவர் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார். நானும் அவளும் பின்னால் தள்ளினோம். தேர் இழுப்பதைத் தவிர வேறெதற்கும் இப்படித் தம் பிடித்ததில்லை நான். என் மாமனாரின் பிரெஞ்சு கடைசியில் இங்கேதான் உதவியது. "அலே! அலே!" என்று நான் பட்டாளத்து 'நட, நட' கட்டளை போட, அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடி தள்ளினாள்.

முதலில் மலையாடுகள். ஒவ்வொன்றுக்கும் கொம்பு அதன் உடம்பை விடப் பெரிசு. வைக்கோலைப் பார்த்ததும் செங்குத்துப் பாறையில் படி இறங்குகிற மாதிரி இறங்கி வந்தன. பாபு ஒரு பிடி வைக்கோலை நீட்ட, ஒரு கிடா அதை வாங்கிக்கொண்டு அவன் குல்லாவையும் சேர்த்துக் கவ்வியது. அவன் பயப்படவில்லை, "ம்மா! ம்மா!" என்று இரண்டு கையையும் தட்டினான். அவனுக்கு அப்போது எல்லா மிருகமும் மாடுதான்.

பிறகு ஒரு மேடு. உள்ளே மர்மோத் என்று ஒரு பிராணி குளிர்காலம் முழுக்கத் தூங்குகிறதாம். "யாரு பாலு குடுப்பா?" என்று சுதா காதில் கேட்டாள். யாரும் கொடுக்க மாட்டார்கள், ஏப்ரல் வரைக்கும் தூக்கம்தான் என்றேன். தம்பியும் அப்படித் தூங்கினால் கீழ் வீட்டு மதாம் சந்தோஷப்படுவாள் என்றாள் அவள். நாலு வயசுப் பிள்ளை. எனக்குச் சுருக்கென்றது.

அடுத்தது யாக். பள்ளிக்கூடத்தில் நான் கவரிமான் என்று படித்தது மானே இல்லை, இந்தக் குண்டு மாடுதான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். ஒரு மயிர் உதிர்ந்தாலும் உயிரை விட்டுவிடும் என்று வாத்தியார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பிராணி, வேலிக் கம்பியெல்லாம் கொத்துக் கொத்தாக மயிரை விட்டுவிட்டு, அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.

"இதான் யானையாப்பா?" என்றாள் சுதா.

இவர் திருதிருவென்று முழித்தார். சுதா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அவளே தீர்ப்புச் சொன்னாள்: "யானை இல்ல. சொட்டரு போட்ட மாடு."

மாடு என்றதும் எனக்குள் ஏதோ எழுந்தது. நேற்று மாட்டுப் பொங்கல். நாலாவது மாடியில் மாட்டுக்கு எங்கே போவது? இதோ கண்ணெதிரே நிற்கிறதே! கைப்பையில் குங்குமம் இருந்தது. பொட்டு வைக்க அதன் நெற்றியைத் தேடினேன், முடிக்குள் நெற்றியே அகப்படவில்லை. கடைசியில் வேலிக் கம்பத்துக்கு வைத்தேன். பாபு கேரியர் மூடியைக் கேட்டு அழுதான், கொடுத்தேன். கரண்டியை எடுத்து டங்கென்று ஒன்று வைத்தான். பழக்கத்தில் கையைத் தூக்கி "உஷ்" சொல்லப் போன நான், அங்கே யாருக்காகச் சொல்வது என்று புரியாமல் அப்படியே நின்றேன். கண்ணுக்கெட்டிய வரைக்கும் பனி. ஒரு கூரை இல்லை, ஒரு துடைப்பக் கட்டை இல்லை.

சுதாவை வண்டியிலிருந்து தூக்கி நிறுத்தினேன். "இங்க கீழ் வூட்டு மதாம் இல்லடி. கத்து!" என்றேன்.

அவள் நம்பவில்லை. தரையைப் பார்த்தாள். பிளாஸ்டிக் பைக் காலால் பனியை மெதுவாகத் தட்டிப் பார்த்தாள். திரும்பத் தட்டவில்லை யாரும். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"பொங்கலோ பொங்கல்," என்றாள், பாதிக் குரலில்.

"கேக்கலயே!" என்றார் அப்பா.

"பொங்கலோ பொங்கல்!"

"மாட்டுக்கே கேக்கல!"

பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டாள். இரண்டு கையையும் முறுக்கிக்கொண்டாள். "பொங்கலோஓஓ பொங்கல்!" என்று அடிவயிற்றிலிருந்து எடுத்துக் கத்தினாள் பாருங்கள், எதிர் மலை அதை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. யாக் தலையைத் தூக்கியது. மரக்கிளையிலிருந்து பனி பொலபொலவென்று கொட்டியது.

அப்புறம்தான் அது வந்தது.

மேட்டுக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து, அடியில் தொடங்கி மேலே மேலே ஏறுகிற ஒரு குரல். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் மில் சங்கு ஊதுகிறது என்றே ஒரு நொடி நினைத்தேன். விடிகாலையில் என் அப்பாவை வேலைக்குக் கூப்பிடுகிற அதே ஊதல். அது இறங்கும் முன்பே இன்னொரு குரல் சேர்ந்தது, பிறகு இன்னொன்று, பிறகு மலை முழுக்க. நான் பாபுவை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"ஓநாய்கள்" என்றாள் மதாம் ஒதேத். "கவலைப்படாதீர்கள், அவை வேலிக்குள் இருக்கின்றன." அவளே குல்லாவைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டாள். பனி பிடித்ததிலிருந்து அவை மூச்சு விடவில்லை, நோவு வந்துவிட்டதோ என்று பயந்துகொண்டிருந்தேன் என்றாள்.

சுதாவுக்குப் பயம் என்பதே இல்லை. பிளாஸ்டிக் பைக் காலோடு பனியில் தங்குதங்கென்று குதித்தாள். "அம்மா! அவங்களும் பொங்கல் சொல்றாங்கம்மா! கேட்டுச்சாம்மா? அவங்களுக்கு நான் சொன்னது கேட்டுச்சும்மா!" என்று, காதோடு இல்லை, ஊருக்கே கேட்கிற மாதிரி.

பிறகு எல்லோரும் கத்தினோம். நான் கத்தினேன், இவர் கத்தினார், பாபு மூடியைத் தட்டினான், மதாம் ஒதேத் தன் வாய்க்கு வந்தபடி "போங்காலோ!" என்றாள். கத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்போம், அவை பதில் கொடுக்கும். நாங்கள் சிரிப்போம், மறுபடி கத்துவோம். தொண்டை கட்டும் வரைக்கும் இதுதான். நான் அப்படி வயிறு வலிக்கச் சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

தீனி போட்டு முடிந்ததும் அவளுடைய அறை அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கேரியரைப் பிரித்தோம். புளிசோறு அவளுக்குக் காரம். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்ட, துடைத்துக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டாள். சுதா அவளுக்கு வடையைத் தமிழில் பெயர் சொல்லிச் சொல்லி ஊட்டினாள். பஸ் நேரம் வந்ததும் மதாம் ஒதேத் பிள்ளைகளின் ஈரப் பிளாஸ்டிக் பைகளைக் கழற்றிவிட்டுப் புதுப் பை சுற்றினாள். சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்து, இவர்களுக்குப் பூட்ஸ் கிடையாதா என்று கேட்டாள்.

6

கதை இங்கே முடிந்து எல்லாம் சுபமாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். கீழ் வீட்டு மதாம் இன்றைக்கும் கூரையை இடிக்கிறாள். என் அட்டை கைக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன, தபால் இன்னும் 'மதாம் ராமசாமி'க்குத்தான் வருகிறது. பிள்ளைகள் தங்களுக்குள் பிரெஞ்சில் சண்டை போடுகிறார்கள், சமாதானத்துக்கு மட்டும் என்னிடம் தமிழில் வருகிறார்கள். ஊரில் அண்ணன் மகனோடு பேசும்போது பாபு திக்கினதைப் பார்த்து மனசு கனத்தது. ஆனால் எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. வாரம் முழுக்க மெதுவாக நடக்கிற பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கூட்டிப்போய் அவிழ்த்துவிடுவோம். காணும் பொங்கலன்று மட்டும் கேரியரோடு மதாம் ஒதேத்திடம் போவோம். அவள் முன்கூட்டியே கதவைத் திறந்து வைத்திருப்பாள். பாபுவுக்கு நினைவு தெரிந்த பொங்கலெல்லாம் அதுதான். வைத்திக்குப்பத்தில் அவன் ஏன் காது கொடுத்து நின்றான் என்று இப்போது புரிகிறதா அண்ணி?

அன்று பஸ்ஸில் இறங்கி வரும்போது பாபு அப்பா மடியில் தூங்கிவிட்டான். சுதா என் மடியில் நின்றுகொண்டு, வழியில் தெரிந்த மரத்துக்கெல்லாம் பொங்கல் வாழ்த்துச் சொன்னாள். குரல் கரகரத்துப் போயிருந்தது. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டேன்.

வீட்டில் அறை நடுவே பெட்டி திறந்து கிடப்பது எனக்கு நினைவிருந்தது. அவருக்கும் நினைவிருந்திருக்கும்.

பஸ் நிலையத்துக்கு எதிரில்தான் அந்தச் செருப்புக் கடை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் வழக்கம்போல ஜன்னலை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். நான் நேராகக் கடைக்குள் போனேன். கடைக்காரம்மா சுதாவின் காலிலிருந்த பையை அவிழ்த்து, காலுறையை அவிழ்த்து, சிவந்து போயிருந்த பாதத்தை அளந்து, சிவப்பு நிறத்தில் ஒரு ஜோடி பூட்ஸ் கொண்டுவந்தாள். கச்சிதமாக இருந்தது.

"பெரிசு வேணும்" என்றேன், என் பட்டாளத்துப் பிரெஞ்சில்.

ஒரு அளவு பெரிசாகக் கொண்டுவந்தாள். விரலால் அழுத்திப் பார்த்து, இது இந்தக் குளிர்காலத்துக்கு லொடலொடவென்று இருக்குமே என்றாள்.

"இருக்கட்டும்" என்றேன். "அடுத்த பொங்கலுக்கும் வேணும்."

பின்னால் கதவருகே பாபுவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றவர் கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

சுதா பூட்ஸை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள். கடையில் மரத்தளம். ஒரு காலைத் தூக்கினாள், தூக்கிய காலை அந்தரத்திலேயே வைத்துக்கொண்டு என் உதட்டைப் பார்த்தாள்.

"குதிடி," என்றேன்.